யார் கொடுத்த நேரம்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் சமுதாயக் கல்லூரிகளில் ஹெல்த் சயன்ஸ் அசோசியேட் பட்டம் இரண்டு ஆண்டுப் படிப்பு. மொத்தம் ஏறத்தாழ 60 கிரெடிட். பருவத்துக்குப் பதினைந்து வீதம் நான்கு பருவம். கல்லூரிக் கையேட்டில் அதை நான்கு கட்டங்களாக அச்சிட்டிருப்பார்கள். முதல் கட்டத்தில் ஆங்கிலக் கட்டுரை, உளவியல், உடற்கூறும் உடலியங்கியலும் முதற்பகுதி. அடுத்ததில் அதன் இரண்டாம் பகுதி, புள்ளியியல். அதற்கடுத்து நுண்ணுயிரியல். பார்ப்பதற்கு நேரான பாதை. ஆனால் அந்தக் கட்டங்களின்படியே நடந்து இரண்டே ஆண்டில் வெளியே வருகிறவர்கள் சிறுபான்மையினர். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று இழுத்து முடிப்பவர்கள் உண்டு. நாடு முழுவதும் சமுதாயக் கல்லூரியில் சேர்கிறவர்களில், ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தாலும், ஏதேனும் ஒரு பட்டமோ சான்றிதழோ கையில் வைத்திருப்பவர்கள் பாதிக்கும் குறைவு.

இதைக் கேட்டதும் நமக்குச் சட்டென்று தோன்றும் விளக்கம் ஒன்று உண்டு. வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம். படிப்பு ஏறாதவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அமெரிக்காவிலுள்ள தமிழ்க் குடும்பங்களின் விருந்துகளிலும் இந்தப் பேச்சு அடிபடும். பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருந்தால் பெற்றோர் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். இந்த விளக்கம் தவறு என்பது என் உறுதியான எண்ணம். அது எங்கே தவறுகிறது என்று பார்க்கப் போனால், நோயாளியின் பக்கத்தில் ஒருவர் நிற்பது என்பதன் பொருளும் சேர்ந்தே துலங்குகிறது.

முதலில், இந்தப் படிப்பிலிருந்து வருகிறவர்கள் யார்? அமெரிக்க மருத்துவமனையில் மருத்துவர் ஒரு நாளில் நம்மோடு இருப்பது சில நிமிடங்கள். மீதி நேரம் நம் உடம்பு வேறு கைகளில் இருக்கிறது. நெஞ்சை எக்ஸ்ரே பலகையில் சாய்த்து நிறுத்தி மூச்சைப் பிடிக்கச் சொல்பவர், மூச்சுத்திணறலில் வென்டிலேட்டரின் அளவுகளைத் திருத்துபவர், ரத்த மாதிரியைக் கருவியில் ஏற்றி முடிவு பார்ப்பவர், இடுப்பு எலும்பு மாற்றிய மறுநாள் நம்மைத் தாங்கி முதல் அடி எடுத்துவைக்கச் செய்பவர், பல் இடுக்கில் காரை சுரண்டி எடுப்பவர். இவர்களில் பெரும்பகுதியினர் இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள். அமெரிக்கக் கதிர்வீச்சுத் தொழில்நுட்பர் பதிவகம் 2015 முதல் தன் தேர்வை எழுத அசோசியேட் பட்டமாவது வேண்டும் என்று விதித்திருக்கிறது. நர்சிங்கில் அசோசியேட் பட்டம் பெற்றவரும் நான்காண்டு இளங்கலை படித்தவரும் எழுதுவது என்கிளெக்ஸ் என்னும் ஒரே உரிமத் தேர்வைத்தான். கேள்வித்தாளுக்கு யார் எங்கே படித்தார் என்பது தெரியாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதைப் பலர் பணம் கட்டிய பிறகே அறிகிறார்கள். ஹெல்த் சயன்ஸ் என்ற பெயரில் வரும் பொதுவான அசோசியேட் பட்டம் தன்னளவில் எந்த உரிமத்தையும் தராது. அதைக் காட்டி நர்ஸாகவோ எக்ஸ்ரே தொழில்நுட்பராகவோ வேலை பார்க்க முடியாது. அது மேற்படிப்புக்கு மாறுவதற்கும், நர்சிங் போன்ற உரிமப் படிப்புகளுக்கு முன்பாடங்களை முடித்துக்கொள்வதற்கும் உதவும் படிப்பு. பல கல்லூரிகளில் நர்சிங் இடத்துக்குக் காத்திருப்போர் தங்கியிருக்கும் முற்றம் இதுதான். கல்லூரியின் வெளிவாசல் அகலத் திறந்திருக்கிறது. நர்சிங்கின் உள்வாசல் குறுகலாக இருக்கிறது. அங்கே டீஸ் போன்ற நுழைவுத்தேர்வு உண்டு, அறிவியல் பாடங்களின் மதிப்பெண்ணை வைத்து வரிசை உண்டு, இடங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம். ஏன் கொஞ்சம் என்றால், மருத்துவமனை வார்டில் பயிற்சி பெறும் மாணவர்கள் எட்டுப் பேருக்கோ பத்துப் பேருக்கோ ஓர் ஆசிரியர் கூடவே நிற்க வேண்டும். அப்படி நிற்கத் தகுதியான நர்ஸுக்குக் கல்லூரி தருவதைவிட மருத்துவமனை அதிகச் சம்பளம் தருகிறது. கட்டடம் இருக்கிறது, விண்ணப்பம் குவிகிறது, ஆசிரியரின் நேரம்தான் இல்லை.

நேரம் என்ற இந்தச் சரடைப் பிடித்துக்கொண்டு சற்றுப் பின்னால் போகலாம்.

1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே ஆறு மாணவர்களோடு தொடங்கியது ஜோலியட் ஜூனியர் கல்லூரி. இன்றுவரை நடந்துவரும் அரசு சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது அது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், அந்தப் பள்ளியின் பொறுப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் கூடி யோசித்ததன் பலன். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுகளை ஊரிலேயே, வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்பது நோக்கம். அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதிலிருந்துதான் அவை பெருகின. (இந்த யோசனை நம் பக்கமும் வந்தது. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும் 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. அது தனியே எழுத வேண்டிய கதை.)

நர்சிங் அந்தக் கல்லூரிகளுக்குள் வந்த விதம் இன்னும் முக்கியமானது. அதற்குமுன் நர்ஸாக விரும்பும் பெண் பெரும்பாலும் மருத்துவமனை நடத்தும் பயிற்சிப் பள்ளியில்தான் சேர வேண்டும். மூன்று ஆண்டு. அங்கேயே விடுதி, அங்கேயே உணவு. பயிற்சி என்பதன் பெரும்பகுதி வார்டு வேலை. இரவுப் பணியும் விடுமுறை நாள் பணியும் மாணவிகள் தலையில் விழும். மருத்துவமனைகள் அவர்களுடைய உழைப்பை நம்பியே ஓடின. கற்றதையே மறுபடி மறுபடி செய்துகொண்டிருப்பார்கள். அதிலிருந்து புதிதாகக் கற்க ஒன்றும் இராது, ஆனால் படுக்கைகள் விரிக்கப்பட்டாக வேண்டும்.

மில்ட்ரெட் மாண்டாக் இதைக் கூர்ந்து பார்த்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் கல்லூரியில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு 1951இல் நூலாக வந்தது. போருக்குப் பின் நாட்டில் நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலம். பற்றாக்குறை என்றால் படிப்பைத் தண்ணீர் கலந்து சுருக்குவதுதான் வழக்கமான யோசனை. அவர் வேறு வழியாக வந்தார். மாணவியை மருத்துவமனையின் வேலையாளாக வைத்திருப்பதை நிறுத்திவிட்டு, அவளுடைய நேரம் முழுவதையும் கற்பதற்கே கொடுத்தால் இரண்டு ஆண்டு போதும் என்றார். படிப்பு கல்லூரியில் நடக்கட்டும்; வார்டுக்குப் போவதும் கற்கத் தேவையான அளவுக்குத்தான். 1952இல் ஏழு ஜூனியர் கல்லூரிகளில் சோதனை தொடங்கியது. அந்த மாணவர்கள் உரிமத் தேர்வில் நன்றாகவே தேறினார்கள். கெல்லாக் அறக்கட்டளை கலிபோர்னியா, புளோரிடா, நியூயார்க், டெக்சஸ் ஆகிய நான்கு மாநிலங்களில் இதைப் பரப்பப் பணம் கொடுத்தது. அமெரிக்காவில் இன்று நர்ஸாக இருக்கும் லட்சக்கணக்கானோர் அந்த வாசல் வழியே வந்தவர்கள்.

மாண்டாக் பாடங்களைக் குறைக்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூன்றாண்டு இரண்டாண்டானது, மாணவியிடமிருந்து பிடுங்கப்பட்டிருந்த நேரம் அவளிடமே திரும்பி வந்ததால்.

கற்கும் விஷயமோ இம்மியும் விட்டுக்கொடுக்காதது. முதல் பருவத்தின் பயிற்சிக்கூடத்தில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லித் தருவதை எடுத்துக்கொள்வோம். கற்பிப்பதற்கென்றே ஒரு ஸ்டெதாஸ்கோப் இருக்கிறது: மார்பில் வைக்கும் வட்டு ஒன்று, அதிலிருந்து பிரியும் குழாய்கள் இரண்டு, காதுக்கு மாட்டும் சோடியும் இரண்டு. ஒன்று மாணவர் காதில், மற்றது ஆசிரியர் காதில். மேற்கையில் கஃப்பைச் சுற்றிக் காற்றடித்து, வால்வைத் திருகி, விநாடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டராக முள்ளை இறக்க வேண்டும். அவசரப்பட்டால் முள் சரிந்து ஓடிவிடும். முழங்கை மடிப்பில் முதல் தட்டல் கேட்கும் இடம் மேல் அளவு. தட்டல் அடங்கி ஒன்றும் கேட்காமல் போகும் இடம் கீழ் அளவு. நிக்கொலாய் கொரோட்கோவ் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர் 1905இல் சொன்ன முறை இது. இருவரும் ஒரே ஓசையைக் கேட்கிறார்கள். இருவரும் தனித்தனியே எண்களைத் தாளில் எழுதுகிறார்கள். இரண்டும் ஓரிரு கோட்டுக்குள் ஒத்துவர வேண்டும். மாணவர் 138 என்று எழுதி ஆசிரியர் 124 என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை, மறுபடி கஃப்பைச் சுற்ற வேண்டியதுதான். ஆசிரியர் குழாயைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்.

அடுத்து மருந்துக் கணக்கு. ஒரு லிட்டர் சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாய் ஒரு மில்லிலிட்டருக்குப் பதினைந்து சொட்டு விடுவது. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஆயிரத்தைப் பதினைந்தால் பெருக்கி, எட்டு மணி நேரத்தின் 480 நிமிடங்களால் வகுத்தால் 31.25. கால் சொட்டு என்று ஒன்று கிடையாது, 31 என்று விட வேண்டும். இன்று பெரும்பாலும் பம்பு பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் கையால் போடத் தெரிந்தாக வேண்டும். அரை மில்லிகிராம் என்பதை எழுதும்போது புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம்: 0.5. ஐந்து மில்லிகிராம் என்றால் புள்ளியும் பூஜ்யமும் பின்னால் வரவே கூடாது. 5.0 என்று எழுதினால் அந்தப் புள்ளி மங்கலாகி ஐம்பதாகப் படிக்கப்படும். பத்து மடங்கு மருந்து ஒருவர் உடம்புக்குள் போகும். இந்தக் கணக்குத் தேர்வில் 90 வாங்கினால்தான் தேர்ச்சி என்று வைத்திருக்கும் கல்லூரிகள் பல. நூற்றுக்கு நூறு கேட்பவையும் உண்டு. முப்பத்தைந்தில் தேறிவிடும் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். எனக்கு இது மரியாதையாகத் தோன்றுகிறது. உங்களால் முழுதாகச் செய்ய முடியும் என்று நம்பித்தான் முழுதாகக் கேட்கிறார்கள்.

இப்படி இரண்டு காதும் ஒரு வட்டில் கவனம் வைத்துக் கேட்க வேண்டிய, ஒரு புள்ளிக்காக உயிர் ஊசலாடும் படிப்பைப் படிக்க வருகிறவரின் நாள் எப்படி இருக்கிறது?

எனக்குப் பழக்கமான குடும்பத்துப் பெண் ஒருவர், விருதுநகர்ப் பக்கம். ஊரில் பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படித்தவர். கணவரைச் சார்ந்து வரும் விசாவில் வந்து, வேலைக்குப் போக அனுமதியில்லாத ஆண்டுகளைக் குழந்தைகளோடு கழித்தார். கிரீன் கார்டு வந்தபின், கணவர் ஓர் ஒப்பந்த வேலை முடிந்து அடுத்தது கிடைக்காமல் வீட்டிலிருந்த சமயத்தில், நர்ஸ் உதவியாளர் பயிற்சி முடித்து முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்ந்தார். அந்தப் பயிற்சிக்குக் கூட்டரசின் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச நேரம் 75 மணி. முதியவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, அழுக்கு மாற்றுவது. மாலை மூன்றிலிருந்து இரவு பதினொன்று வரை வேலை. நர்சிங்குக்கான முன்பாடங்களைப் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருடைய ஊர்ப் பட்டத்தை மதிப்பிட்டுப் பார்த்தார்கள். நுண்ணுயிரியல் ஏற்கத்தக்கது, ஆனால் பழையது என்றார்கள். அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்ற விதி நர்சிங் துறைகளில் பரவலாக உண்டு. பட்டமே வாங்கிய பாடத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். விதியில் நியாயம் இருக்கிறது, அறிவியல் மாறுகிறது. ஆனால் அவர் அந்த ஆண்டுகளில் படிக்காமலிருந்தது மறதியால் அன்று.

ஒரு நாள் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். "படிப்பு ஒண்ணும் கஷ்டமில்லண்ணா. உக்காந்து படிக்கத்தான் நேரமில்ல" என்றார். அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். எலும்புகளின் பெயர்களைக் கைப்பேசியில் பதிவுசெய்து, வேலைக்குப் போகும் வழியில் காரில் கேட்டுக்கொண்டே போகிறார். மணிக்கட்டின் எட்டு எலும்புகளையும் சிவப்பு விளக்குகளில் நின்றபோது மனப்பாடம் செய்தாராம்.

இவர் தனி ஒருவர் அல்லர். பாஸ்டனில் பங்கர் ஹில் சமுதாயக் கல்லூரி 2009இல் இரவு 11.45க்குத் தொடங்கி அதிகாலை 2.30க்கு முடியும் வகுப்புகளை நடத்தியது. கூட்டம் வந்தது. மாலைப் பணி முடித்தவர்களும் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்தவர்களும் நள்ளிரவில் உட்கார்ந்து உளவியல் படித்தார்கள். படிப்பு ஏறாதவர் யாரும் அந்த நேரத்தில் வகுப்புக்கு வரமாட்டார்.

ஏழை மாணவருக்குக் கட்டணம் தடை இல்லையா என்று கேட்கலாம். சமுதாயக் கல்லூரியின் கட்டணம் சராசரியாக ஆண்டுக்கு 4,000 டாலர் அளவில்தான் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கூட்டரசு தரும் பெல் உதவித்தொகையின் உச்ச அளவு 2024-25இல் 7,395 டாலர். அதாவது மிக ஏழைகளுக்குக் கட்டணம் பெரும்பாலும் தீர்ந்த பிரச்சினை. டென்னசி மாநிலம் 2015இலிருந்து பள்ளி முடித்தவர்களுக்குக் கட்டணமே இல்லாமல் செய்திருக்கிறது. எல்லாம் நல்லவை. ஆனால் வீட்டு வாடகைக்காக வாரத்துக்கு முப்பது மணி நேரம் வேலை செய்யும் ஒருவருக்கு இலவசமாகக் கிடைக்கும் வகுப்பில் உட்கார யார் நேரம் கொடுப்பது?

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் இந்தக் கேள்விக்குச் செயலால் பதில் தேடியது. 2007இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அது மருத்துவப் படிப்புக்கென்று வந்ததல்ல, ஆனால் சொல்ல வந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. சேர்கிறவர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். பதிலுக்கு, உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணம் தள்ளுபடி. பாடப்புத்தகம் இலவசம். சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் அன்று மாதாந்திர மெட்ரோ கார்டு. வகுப்புகள் சிதறாமல் அடுத்தடுத்து. அடிக்கடி சந்தித்தே தீர வேண்டிய ஓர் ஆலோசகர். மற்ற மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் பல நூறு பேரைப் பார்க்க வேண்டியிருந்தபோது, இந்தத் திட்டத்தில் அறுபது முதல் எண்பது பேருக்கு ஒருவர் இருந்தார்.

எம்.டி.ஆர்.சி. என்னும் ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. இரு பக்கமும் ஒரே மாதிரி மாணவர்கள்: குறைந்த வருமானம், கணக்கிலோ ஆங்கிலத்திலோ அடிப்படைப் பாடம் தேவைப்பட்டவர்கள். மூன்று ஆண்டு முடிவில், வழக்கமான முறையில் விடப்பட்டவர்களில் பட்டம் பெற்றவர்கள் 22 விழுக்காடு. ஏசாப் மாணவர்களில் 40 விழுக்காடு.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ளவர்களைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். திட்டம் இல்லாதிருந்தால் இவர்கள் நின்றுபோயிருப்பார்கள். நாமும் அவர்களுக்குப் படிப்பு வரவில்லை என்று சொல்லியிருப்போம். அவர்கள் மூளையில் எதுவும் மாறவில்லை. கையில் ஒரு ரயில் அட்டை, பையில் ஒரு புத்தகம், "போன வாரம் ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள். அவ்வளவில் பட்டதாரியானார்கள். நாம் ஒருவரிடம் திறமை இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை என்று பார்த்துச் சொல்லும் இடங்களில் எத்தனை முறை நாம் உண்மையில் பார்த்தது அவரவருக்குக் கிடைத்திருந்த நேரத்தை? எனக்கு வீட்டில் சோறு வடித்துப் போட்டவர்கள், விளக்கை எனக்காக விட்டுக்கொடுத்தவர்கள், மறுநாள் தேர்வு என்று வீட்டில் சத்தம் போடாமல் இருந்தவர்கள் கொடுத்த நேரம் என் மதிப்பெண் பட்டியலில் என் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. அப்படி யாரும் கொடுக்காதவருடைய பட்டியலில் அது அவருடைய குறையாகப் பதிவாகிறது.

இரண்டாண்டுப் படிப்பு போதாது என்று வாதிடுபவர்களையும் கேட்க வேண்டும், அவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். அமெரிக்க நர்சுகள் சங்கம் 1965லேயே தொழில்முறை நர்ஸுக்கு இளங்கலைப் பட்டம் வேண்டும் என்று அறிவித்தது. 2003இல் லிண்டா ஐக்கனும் உடன் ஆய்வாளர்களும் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து எழுதினார்கள்: இளங்கலை நர்சுகளின் பங்கு பத்து விழுக்காட்டுப் புள்ளி கூடும் இடங்களில், அறுவை நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஐந்து விழுக்காடு குறைவாக இருந்தது. நோயாளியின் உயிரைப் பற்றிய ஆய்வை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. அதற்காக இரண்டாண்டு வாசலை மூடினால், வாடகைக்கும் படிப்புக்கும் நடுவில் நிற்பவர்கள் வெளியே போவார்கள். அவர்களோடு அவர்கள் பேசும் மொழிகளும் அவர்கள் வாழும் தெருக்களின் அறிவும் போகும். நியூயார்க் மாநிலம் 2017இல் எடுத்த முடிவு எனக்குச் சரியாகப் படுகிறது. அசோசியேட் பட்டத்தோடு நர்ஸாகி வேலைக்குச் சேரலாம்; உரிமம் பெற்ற பத்து ஆண்டுக்குள் இளங்கலை முடித்துவிட வேண்டும். தரத்தை அது தாழ்த்தவில்லை. அதை எட்டுவதற்குப் பத்து ஆண்டு கொடுத்தது.

இனி நோயாளியின் பக்கம். 1999இல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது, 2004இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நர்ஸிடம் எத்தனை நோயாளிகள்வரை ஒப்படைக்கலாம் என்று வார்டு வாரியாக வரம்பு கட்டியது அது. தீவிர சிகிச்சையில் இரண்டு பேர். பொது வார்டில் இன்று ஐந்து பேர். அந்தச் சட்டத்தில் அன்பைப் பற்றியோ சேவை மனப்பான்மையைப் பற்றியோ சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. எத்தனை பேருக்கு நடுவில் ஒரு மனிதரின் நேரம் பங்கிடப்படுகிறது என்று மட்டுமே அது பேசியது. பத்துப் பேரைப் பார்க்கும் நர்ஸ் கனிவில்லாதவர் என்று நோயாளிக்குத் தோன்றும். ஐந்து பேரைப் பார்க்கும் அதே நர்ஸ் கட்டிலருகில் நின்று, தலையணையைச் சரிசெய்து, வலி எங்கே என்று கேட்பார். அவர் மனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நோயாளிக்கு ஐந்தில் ஒரு பங்கு, மாணவருக்கு எண்பதில் ஒரு பங்கு, பயிற்சிக்கூடத்தில் இரட்டைக் குழாயின் மறுமுனையில் ஆசிரியரின் முழுக் காது. மூன்றிலும் கைமாறுவது ஒரே பொருள். கனிவு என்றும் கல்வி என்றும் நாம் இரண்டு பெயரிட்டு அழைப்பது, ஒரு மனிதர் தன் ஆயுளில் ஒரு துண்டை வெட்டி இன்னொருவருக்கென்று வைப்பதைத்தான். யாருக்கும் அது தானாக ஊறி வருவதில்லை. பெற்றவரிடமிருந்துதான் அடுத்தவருக்குப் போகிறது. மூச்சு வாங்கும் கிழவருக்கு முன்னால் அவசரப்படாமல் நின்று நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணும் ஒருவருக்குப் பின்னால், அவருக்காகத் தன் நிமிடங்களைக் கொடுத்த பலர் நிற்கிறார்கள். அதில் ஒருவர் இல்லாமற்போயிருந்தாலும் அந்த நாடி எண்ணப்பட்டிருக்காது.

பணக் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது. ஏசாப் திட்டத்தில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவு கூடுதல். ஆனால் ஒரு பட்டதாரியை உருவாக்க ஆன செலவு குறைவு என்று எம்.டி.ஆர்.சி. ஆய்வே கண்டது. ஒஹையோ மாநிலத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகள் அந்தத் திட்டத்தைத் தங்கள் ஊருக்கு ஏற்றபடி நடத்திப் பார்த்தன. அங்கே மாணவர்கள் வருவது காரில். அதனால் மெட்ரோ கார்டுக்குப் பதில் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் ஆகும் அட்டைகளைக் கொடுத்தார்கள். பட்டம் பெற்றவர் விகிதம் அங்கேயும் ஏறத்தாழ இரட்டிப்பானது.

அரசும் கல்லூரியும் செய்வது இருக்கட்டும். நம் வீடுகளில் "படி, யார் வேண்டாமென்றது?" என்று தாராளமாகச் சொல்கிறோம், கட்டணமும் கட்டுகிறோம். ஆனால் வியாழன் மாலை ஆய்வகம் என்றால் அன்று இரவுச் சமையல் யாருடையது, பிள்ளையை நீச்சலுக்கு யார் கூட்டிப்போவது என்ற கேள்வி வரும்போது தாராளம் சுருங்கிவிடுகிறது.

அந்த விருதுநகர்ப் பெண்ணுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்துவிட்டது. மருத்துவமனைப் பயிற்சி இருக்கும் நாட்களில் காலை ஆறே முக்காலுக்கு வார்டில் நிற்க வேண்டும். அந்நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஆள் வர வேண்டும். பார்வையாளர் விசாவில் வருகிறவர்களுக்கு ஆறு மாதம்வரை தங்க அனுமதி கிடைக்கும். ஒரு பருவமோ நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. முதல் பருவத்துக்கு மாமியார் வந்திருக்கிறார். அவர் ஜனவரியில் திரும்பும்போது இவருடைய அம்மா வருவதாக ஏற்பாடு. மூன்றாம் பருவத்துக்கு வர ஊரில் வேறு யாரும் இல்லை. வியாழனும் வெள்ளியும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கணவர் தன் மேலாளரிடம் இப்போதே எழுதிக் கேட்டிருக்கிறார்.